"சேலை எவ்ளோ?" என்று கேட்டால்...



இந்த மாதப் பாடத்தை ஒரு கேள்வியோடு தொடங்குகிறேன். தீபாவளியன்று காலையில் புதுத்துணி உடுத்திக்கொண்டு கோயிலுக்குப் போகிறீர்கள். வாசலில் செருப்பைக் கழற்றுவதற்குள் ஓர் அத்தையோ மாமாவோ பக்கத்தில் வந்து, துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்து, "நல்லா இருக்கே, எவ்ளோ?" என்று கேட்கிறார். நீங்கள் என்ன சொல்வீர்கள்?

சிலர் உள்ள விலையைச் சொல்வோம். சிலர் குறைத்துச் சொல்வோம். சிலர் கூட்டிச் சொல்வோம். இன்னும் சிலர், "இவங்களுக்கு எதுக்கு இதெல்லாம்?" என்று மனத்துக்குள் எரிச்சல்பட்டுக்கொண்டு, வெளியே பல்லைக் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவோம். ஒரே ஒரு சொல்லில் கேட்கப்படும் கேள்வி. இதற்கெல்லாம் ஒரு பாடமா என்று நினைக்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஒரு தீபாவளிக்கு நான் சொன்ன தவறான பதில்தான் எனக்கு இந்தப் பாடத்தை நடத்தியது. அதை உங்களிடம் மறைக்காமல் சொல்கிறேன்.

நான் சொன்ன பொய்

எங்கள் ஊர் லெம்பா பெர்த்தாம். கேமரன் மலையில், ரிங்லெட்டுக்குக் கீழே, பெர்த்தாம் ஆற்றை ஒட்டிய பள்ளத்தாக்கு. மேலே தேயிலை, கீழே காய்கறித் தோட்டங்கள். நான் வேலை செய்வது ஈப்போவில். தீபாவளிக்கு முதல் நாள் தாப்பாவிலிருந்து வளைவு வளைவாக மலை ஏறி வீட்டுக்கு வந்து சேர்வேன்.

சில வருடங்களுக்கு முன்பு, வேலை உறுதியான மகிழ்ச்சியில், ஈப்போ லிட்டில் இந்தியாவில் எனக்கென்று ஒரு சேலை எடுத்தேன். மயில்கழுத்து நிறம், மெல்லிய சரிகை. விலை 380 வெள்ளி. அதுவரை எனக்காக ஒரே துணியில் அவ்வளவு பணம் போட்டதே இல்லை.

தீபாவளியன்று எதிர்வீட்டுப் பெரியம்மா பலகாரத் தட்டோடு வந்தார். உறவுமுறையில் பெரியம்மா இல்லை. ஒரே வரிசை வீடுகளில் வளர்ந்ததால் வந்த முறை. தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்ப்பவர். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, அம்மா வேலையிலிருந்து திரும்பும்வரை எனக்குச் சோறு போட்டவர். முந்தானையைக் கையில் எடுத்துப் பார்த்தார். அவர் கண் மலர்ந்தது.

"என்னா அழகா இருக்கு! எவ்ளோம்மா?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. 380 என்று சொன்னால் பெருமை பேசுவதுபோல ஆகுமே, அவர் மனம் கஷ்டப்படுமே, "பொண்ணு கண்டபடி செலவு பண்ணுது" என்று அம்மாவிடம் சொல்வாரோ... இவ்வளவும் ஒரு விநாடிக்குள் ஓடியது.

"நூத்தி இருபதுதான் பெரியம்மா. ஆஃபர்ல கெடைச்சது" என்றேன்.

"அப்படியா!" என்று ஆச்சரியப்பட்டுப் போய்விட்டார். நானும் தப்பித்தேன் என்று நினைத்தேன்.

மூன்றாம் நாள் நான் பஸ் ஏறக் கிளம்பும்போது பெரியம்மா மறுபடியும் வந்தார். கையில் ஒரு சின்ன உறை. உள்ளே மடித்த நோட்டுகள், 120 வெள்ளி. "தை மாசம் பாப்பாவுக்கு நிச்சயம் வெச்சிருக்கோம். அவளுக்கு இதே மாதிரி ஒண்ணு எடுத்துக்கிட்டு வாம்மா. உன் கை ராசியான கை."

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உறையை வாங்கிக்கொண்டேன். ஈப்போவுக்குப் போய் என் பணத்தில் 260 வெள்ளி போட்டு அதே மாதிரி சேலை எடுத்து, விலைச்சீட்டைக் கிழித்துப் போட்டுவிட்டுக் கொண்டுவந்து கொடுத்தேன். முதல் பொய்யைக் காப்பாற்ற இரண்டாவது பொய். அதற்கு 'உதவி' என்று நானே பெயரும் வைத்துக்கொண்டேன்.

ரவிக்கை தைக்கக் கொடுத்த இடத்தில் விஷயம் வெளியே வந்தது. தையல்கார அக்கா சேலையைத் தொட்டுப் பார்த்ததுமே, "இது நூத்தி இருபதுக்குக் கெடைக்காதே" என்றிருக்கிறார். பையில் கடையின் எண் இருந்தது. பெரியம்மாவின் மகள் போன் போட்டுக் கேட்டுவிட்டாள்.

அடுத்த முறை நான் வீட்டுக்கு வந்தபோது பெரியம்மா சண்டை போடவில்லை. 50 வெள்ளியை என் கையில் வைத்தார். "மாசா மாசம் தர்றேன்" என்றார். நான் வேண்டாம் என்று கையை இழுத்தேன். அப்போது அவர் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது.

"நான் உங்கிட்ட கடன் கேக்கலியேம்மா. வெலதான கேட்டேன். நீ முன்னூத்தி எண்பதுன்னு சொல்லியிருந்தா, நமக்கு ஆகாதுன்னு சிரிச்சிட்டுப் போயிருப்பேன். என் பொண்ணு நிச்சயத்துக்கு என் கையால சேலை எடுத்தேன்னு இருந்தேன். இப்ப அது உன் சேலையா இல்ல ஆயிடுச்சு?"

ஐந்து மாதம் ஐம்பது, ஆறாவது மாதம் பத்து. கணக்கைச் சரியாக முடித்தார். இன்று நம் நாட்டில் குறைந்தபட்ச மாதச் சம்பளம் 1,700 வெள்ளி. அதில் 380 வெள்ளி என்பது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல். அப்போது அந்தச் சம்பளம் இதைவிடக் குறைவு. அவர் மனம் நோகக் கூடாது என்று நினைத்துச் சொன்ன பொய், ஆறு மாதம் அவர் சம்பளத்தைத் தின்றது. அதைவிடப் பெரிய நட்டம், ஒரு தாயின் பெருமிதத்தை நான் எடுத்துக்கொண்டது.

நம்மவர்கள் ஏன் கேட்கிறார்கள்?

பள்ளிக்கூடத்திலும் அலுவலகத்திலும் நாம் ஒரு நாகரிகம் கற்றிருக்கிறோம். சம்பளம், வயது, துணியின் விலை, இதையெல்லாம் பிறரிடம் கேட்கக் கூடாது. ஆங்கிலேயர் பழக்கத்தில் அது சரி. ஆனால் அதே அளவுகோலை எடுத்துக்கொண்டுபோய் நம் பாட்டிமார்களை அளந்தால், அவர்களெல்லாம் 'இங்கிதம் தெரியாதவர்கள்' ஆகிவிடுவார்கள். அது நியாயமா?

இதை என் பாட்டியிடம் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்குப் புதிது.

கேமரன் மலையில் தேயிலைத் தோட்டங்கள் கிட்டத்தட்ட நூறு வருட வரலாறு கொண்டவை. ஜே. ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். காட்டை அழித்து, செடி நட்டு, கொழுந்து கிள்ளியதில் நம் முன்னோர்களின் கைகள் நிறைய. பாட்டி வேலைக்குப் போன காலத்தில் துணி எடுக்க டவுனுக்குப் போவது லேசான காரியம் இல்லை. சம்பள நாள் பார்த்துத் துணி மூட்டையோடு வியாபாரி லயத்துக்கே வருவார். துணியில் விலைச்சீட்டு இருக்காது. கடனுக்குக் கொடுத்து மாதாமாதம் வசூலிப்பார். ஒரே சீட்டித் துணியை ஒரு வீட்டில் ஒரு விலைக்கும் அடுத்த வீட்டில் இன்னொரு விலைக்கும் விற்றுவிட்டுப் போவாராம்.

"அப்ப நாங்க என்னா செய்யறது? குழாயடியில ஒருத்திக்கொருத்தி கேட்டுக்குவோம். நீ எவ்ளோ குடுத்த, நீ எவ்ளோ குடுத்தன்னு. கேட்டாத்தான ஏமாறாம இருக்கலாம்?" என்றார் பாட்டி.

தம்பி, தங்கைகளே, இதைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். படிக்கத் தெரியாத, கடைக்குப் போக முடியாத பெண்களுக்கு அந்தக் கேள்வி ஒரு பாதுகாப்பு. நாம் இன்று போனில் நாலு கடை விலையை ஒப்பிட்டுப் பார்க்கிறோமே, அதே வேலையைத்தான் அவர்கள் "எவ்ளோ?" என்ற ஒரே சொல்லால் செய்தார்கள். காலம் மாறிவிட்டது, விலைச்சீட்டு வந்துவிட்டது, கேள்வி மட்டும் பழக்கமாக நின்றுவிட்டது. பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் "பெராப்பா?" என்று கேட்பார். நாமும் அவரிடம் கேட்போம். அதில் யாரும் குற்றம் பார்ப்பதில்லை.

ஆகவே முதல் பாடம்: கேள்வி வந்த உடனே முகத்தைச் சுளிக்காதீர்கள். கேட்பவர் எந்தக் காலத்திலிருந்து கேட்கிறார் என்று பாருங்கள்.

நம் நூல்கள் காட்டும் வழி

பதில் சொல்வது எப்படி? திருக்குறளில் 'இனியவை கூறல்' பத்தாவது அதிகாரம். 'வாய்மை' முப்பதாவது அதிகாரம். இந்த இரண்டையும் சேர்த்துப் படித்தால் நமக்கு வேண்டியது கிடைக்கும். யாருக்கும் எந்தத் தீங்கும் இல்லாத சொல்லே வாய்மை என்று அந்த முப்பதாவது அதிகாரத்தைத் தொடங்குகிறார் வள்ளுவர். அடுத்த குறளில், குற்றமற்ற நன்மையைத் தருமானால் பொய்யும் வாய்மையின் இடத்தில் வைக்கத் தக்கது என்கிறார்.

இந்த இடத்தில் எங்கள் ஞாயிறு வகுப்பில் ஒரு தங்கை கை தூக்கினாள். "அக்கா, அப்படின்னா நீங்க நூத்தி இருபதுன்னு சொன்னதும் வாய்மைதான? பெரியம்மா மனசு நோகக் கூடாதுன்னுதான சொன்னீங்க?"

நல்ல கேள்வி. நானும் என்னை நானே பலமுறை கேட்டுக்கொண்டதுதான். வள்ளுவர் வைக்கும் நிபந்தனையைக் கவனியுங்கள். நன்மையில் குற்றம் கலந்திருக்கக் கூடாது. என் பொய் யாருக்கு நன்மை செய்தது? பெரியம்மாவுக்கு அல்ல. 'கண்டபடி செலவு பண்ணுற பொண்ணு' என்ற பெயர் வராமல் என்னைக் காப்பாற்றியது. அவர் மனத்தைக் காப்பாற்றுகிறேன் என்று சொல்லிக்கொண்டு நான் என் முகத்தைக் காப்பாற்றினேன். மேலும், 'இவருக்கு உண்மை விலையைத் தாங்க முடியாது' என்று நானே முடிவு செய்துவிட்டேன். அதுதான் அவரை நான் தாழ்த்தியது.

பகவத் கீதையின் பதினேழாவது அத்தியாயத்தில், பேச்சால் செய்யும் தவத்தைக் கண்ணன் விளக்குகிறார். கேட்பவரைக் கலங்கவைக்காதது, உண்மையானது, இனிமையானது, நன்மை பயப்பது. இப்படிப்பட்ட சொல் ஒரு தவம். நாலும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதைக் கவனியுங்கள். உண்மை இருந்து இனிமை இல்லாவிட்டால் அது வெட்டிப் பேச்சு: "380. உங்களுக்கு ஆகாது." இனிமை இருந்து உண்மை இல்லாவிட்டால் அது என் 120 வெள்ளி.

துணியின் விலையைப் பற்றிப் பேசும்போது காந்தியடிகளை நினைக்காமல் இருக்க முடியாது. 1921-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் தேதி மதுரையில் அவர் அரை ஆடைக்கு மாறினார். கதர் உடுத்துங்கள் என்று அவர் சொன்னபோது, "கதர் வாங்க எங்களிடம் வசதி இல்லையே" என்று எளிய மக்கள் பதில் சொன்னார்கள். அவர்கள் வெட்கப்பட்டு மழுப்பவில்லை; விலை எட்டவில்லை என்று நேராகச் சொன்னார்கள். அவரும் அவர்களைக் கடிந்துகொள்ளவில்லை. தன் துணியைக் குறைத்துக்கொண்டார். துணியின் விலையைப் பற்றி இரு பக்கமும் உண்மையாகப் பேசியதால் நடந்த மாற்றம் அது. நாமெல்லாம் அரை ஆடைக்கு மாற வேண்டும் என்று நான் சொல்லவில்லை. விலையைப் பேசுவதே அசிங்கம் இல்லை. எப்படிப் பேசுகிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது என்கிறேன்.

ஒரு கேள்விக்குள் நாலு கேள்வி

பெரியம்மாவிடம் பட்ட பாடத்துக்குப் பிறகு, யார் "எவ்ளோ?" என்று கேட்டாலும் உள்ளே இருக்கும் கேள்வியைத் தேடிப் பார்க்கிறேன். பெரும்பாலும் நாலு வகைதான்.

முதல் வகை: "நானும் வாங்கலாமா?" பெரியம்மா கேட்டது இதுதான். இவருக்கு உண்மை விலை தேவை. அதோடு கடை, தரம், இன்னும் குறைந்த விலையில் கிடைக்குமா என்ற தகவலும் தேவை. "முன்னூத்தி எண்பது பெரியம்மா, ஈப்போவுல எடுத்தேன். அதே கடையில நூத்தம்பதுக்கும் நல்லது இருக்கு. வேணும்னா பாத்துட்டு போட்டோ அனுப்பவா?" அன்று நான் சொல்லியிருக்க வேண்டிய பதில் இதுதான். உண்மையும் இருக்கிறது, அவருக்கு வழியும் இருக்கிறது, முடிவும் அவர் கையில் இருக்கிறது.

இரண்டாம் வகை: "ஏமாந்துட்டியா?" தாத்தா பாட்டிகள் கேட்பது பெரும்பாலும் இது. பிள்ளை வெளியூரில் தனியாக இருக்கிறது, கடைக்காரன் தலையில் கட்டிவிட்டானோ, சம்பளத்தை எல்லாம் துணியில் போடுகிறதோ என்ற கவலை. இங்கே விலையை மட்டும் சொன்னால் போதாது. கவலைக்கும் பதில் சொல்ல வேண்டும். "ரெண்டு மூணு கடை ஏறி எறங்கித்தான் எடுத்தேன் பாட்டி. வீட்டுக்கு அனுப்பற காசை எடுத்து வெச்சிட்டுத்தான் வாங்கினேன்." பாட்டி முகத்தைப் பாருங்கள். விலை என்ன என்பதையே மறந்திருப்பார்.

மூன்றாம் வகை: "உன் துணிக்கு நான் மகிழ்ச்சி சொல்கிறேன்." சிலருக்கு "அழகா இருக்கு" என்று வாய் திறந்து பாராட்டிப் பழக்கம் இல்லை. அதற்குப் பதிலாக விலையைக் கேட்பார்கள். "சாப்பிட்டியா?" என்று கேட்பதுபோலத்தான். இவருக்குக் கணக்குச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. "பிடிச்சிருக்கா அத்தை? கலர பாத்ததும் எடுத்துட்டேன். உங்க சேலையும் எடுப்பா இருக்கே!" என்றால் பேச்சு அழகாகப் போய்விடும்.

நாலாம் வகை: "நீ எந்த உயரத்தில் இருக்கிறாய்?" இது அளந்து பார்க்கும் கேள்வி. பதில் சொன்னால் அடுத்த வீட்டுக்குப் போகும். அங்கே இன்னொருவரின் துணியோடு ஒப்பிடப்படும். இதற்கு விலை சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. சிரித்த முகத்தோடு, "என் பட்ஜெட்டுக்குள்ளதான் மாமா" என்றால் போதும். மறுபடியும் கேட்டால், "வெலைய சொன்னா துணி பழசாயிடும்லா!" என்று விளையாட்டாக முடித்துவிடலாம். அம்மா அப்பா வாங்கிக் கொடுத்ததாக இருந்தால், "அப்பா வாங்கித் தந்தது, நான் விலை கேக்கல" என்று சொல்லலாம். ஆனால் அது உண்மையாக இருந்தால் மட்டும்.

விலையைச் சொல்லாமல் இருப்பது பொய்யா என்று சிலர் கேட்பீர்கள். பொய் வேறு, மௌனம் வேறு. தெரிந்ததையெல்லாம் எல்லாரிடமும் சொல்ல வேண்டும் என்று எந்த தர்மமும் சொல்லவில்லை. சொல்வது உண்மையாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். "சொல்ல விரும்பல" என்பதை மரியாதையாகச் சொல்லவும் ஒரு பழக்கம் வேண்டும். மூத்தவர் என்றால் குரலைத் தாழ்த்தி, 'ங்க' சேர்த்து, சிரித்தபடி சொல்லுங்கள். "உங்களுக்கு எதுக்கு அது?" என்று திருப்பிக் கேட்பது மட்டும் வேண்டாம். அந்த ஒரு வாக்கியம் வாயிலிருந்து வந்துவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல பதில் சொன்னாலும் எடுபடாது.

கூட்டிச் சொல்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. 60 வெள்ளி ஜிப்பாவை 160 என்று சொல்லும் தம்பிகள் இருக்கிறார்கள். பொய் வெளியே தெரிந்தால் அவமானம் உங்களோடு முடிந்துவிடும். தெரியாமல் போனால்தான் ஆபத்து. உங்கள் நண்பன் வீட்டுக்குப் போய், "அவனுக்கு மட்டும் நூத்தி அறுபதுக்கு வாங்கித் தர்றாங்க" என்று அவன் அப்பாவிடம் நிற்பான். அந்த அப்பா எந்த வேலையை இரட்டிப்பாகச் செய்து அந்தப் பணத்தைத் தேடுவார் என்பது உங்களுக்குத் தெரியாது.

நாம் கேட்கும்போது

இதுவரை பதில் சொல்பவரைப் பற்றிப் பேசினோம். கேட்பவராக நான் செய்த ஒரு தவறையும் சொல்லிவிடுகிறேன்.

இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் கோயிலில் நடக்கும் சமய வகுப்பில் உதவுகிறேன். அதில் ஒரு தம்பி ஒருநாள் நல்ல நீல நிற ஜிப்பா போட்டு வந்தான். உண்மையிலேயே எனக்குப் பிடித்திருந்தது. எல்லார் முன்னாலும், "அட, மாப்பிள்ளை மாதிரி இருக்கியே, எவ்ளோடா?" என்று கேட்டுவிட்டேன். அவன் ஒன்றும் சொல்லவில்லை. பக்கத்திலிருந்த பையன் முந்திக்கொண்டு, "பண்டல் கடையில எடுத்தது அக்கா, பத்து வெள்ளி" என்றான். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். அடுத்த இரண்டு ஞாயிறு அந்தத் தம்பி வகுப்புக்கு வரவில்லை.

இத்தனை வருடம் பதில் சொல்லக் கற்றுக்கொண்ட நான், கேட்கக் கற்றுக்கொள்ளவில்லை. பெரியம்மாவுக்கு நான் பதில் சொல்லத் தடுமாறினேன்; இவனோ என்னால் பதில் சொல்ல முடியாத இடத்தில் நிறுத்தப்பட்டான். அவன் வீட்டுக்குப் போனேன். வேறு எதுவும் பேசவில்லை. "அன்னிக்கு எல்லார் முன்னாலயும் அப்படி கேட்டது என் தப்பு தம்பி. அந்த நீலம் உனக்கு எடுப்பா இருந்துச்சு, அத மட்டும் சொல்லியிருக்கணும்" என்றேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அடுத்த வாரம் வந்தான். அதே நீல ஜிப்பாவில்.

பழைய துணி போடுவது தாழ்வில்லை. கேமரன் குளிரில் நாம் போடும் ஸ்வெட்டர்களில் எத்தனை பண்டல் கடையிலிருந்து வந்தவை என்று நமக்குத் தெரியும். துவைத்து, தேய்த்து, சுத்தமாக உடுத்திய துணி சாமி சன்னிதிக்குத் தகுந்த துணிதான். குசேலர் கந்தலோடு துவாரகைக்குப் போனார். அரண்மனையில் இருந்த கண்ணன் அவர் துணியைப் பார்க்கவில்லை, ஓடிவந்து கட்டிக்கொண்டான். அந்தக் கதையைக் கோயிலில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, வெளியே வந்து அடுத்தவன் ஜிப்பாவின் விலையைக் கேட்டுச் சிரிக்கிறோம் என்றால், கதை நம் காதோடு நின்றுவிட்டது என்று அர்த்தம்.

இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. 2013-ஆம் ஆண்டு அக்டோபர் 23-ஆம் தேதி விடியுமுன் பெர்த்தாம் ஆறு பெருகி எங்கள் பள்ளத்தாக்கில் வெள்ளம் புகுந்தது. உயிர்களும் போயின, வீடுகளும் போயின. தீபாவளிக்குப் பத்தே நாள் இருந்தது. நான் அப்போது பள்ளியில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தத் தீபாவளிக்கு எங்கள் பக்கத்தில் பலர் உடுத்தியது, யாரோ கொடுத்த துணி. வருடா வருடம் வாசலில் நிற்கவைத்து "எவ்ளோ?" என்று கேட்கும் அதே பெரியவர்கள் அந்த வருடம் யாரையும் கேட்கவில்லை. யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எப்போது கேட்கலாம், எப்போது கேட்கக் கூடாது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நாம் 'இங்கிதம் தெரியாதவர்கள்' என்று நினைக்கும் அதே மக்கள்தான்.

ஆகவே கேட்கும் முன் மூன்றைப் பார்ப்போம். ஒன்று, எனக்கு விலை உண்மையிலேயே தேவையா, அல்லது பாராட்டத்தான் நினைக்கிறேனா? பாராட்டுத்தான் என்றால் பாராட்டிவிட்டுப் போகலாம். இரண்டு, பக்கத்தில் யார் இருக்கிறார்கள்? வாங்குவதற்காகத்தான் கேட்கிறேன் என்றால் தனியாகக் கேட்கலாம். மூன்று, பதில் சொல்பவருக்கு எந்தப் பதிலாவது வெட்கம் தருமா? தரும் என்று தோன்றினால் கேள்வியை விழுங்கிவிடலாம்.

வகுப்பில் செய்ய

இந்தப் பாடத்தை உங்கள் ஊர் வகுப்பில் நடத்தும்போது, இரண்டு இரண்டு பேராகப் பிரிந்து செய்து பாருங்கள். ஒருவர் மேலே சொன்ன நாலு வகையில் ஒன்றை மனத்தில் வைத்துக்கொண்டு "எவ்ளோ?" என்று கேட்க வேண்டும். மற்றவர் குரலையும் முகத்தையும் கவனித்து எந்த வகை என்று கண்டுபிடித்துப் பதில் சொல்ல வேண்டும். பிறகு சேர்ந்து பேசுங்கள்: பதில் உண்மையா? இனிமையா? கேட்டவருக்குப் பயன்பட்டதா? யாரையாவது கலங்கவைத்ததா?

வீட்டுக்குப் போய் ஒரு வேலையும் செய்யுங்கள். உங்கள் பாட்டியிடமோ தாத்தாவிடமோ, "உங்க காலத்துல தீபாவளித் துணி எவ்ளோ?" என்று நீங்கள் கேளுங்கள். கேட்டுவிட்டு, அவர்கள் சொல்லி முடிக்கும்வரை போனைத் தொடாமல் உட்கார்ந்திருங்கள்.

பெரியம்மாவின் மகளுக்குக் கல்யாணம் ஆகி இப்போது தாப்பாவில் இருக்கிறாள். போன தீபாவளிக்கு நான் புதுச்சேலையில் வாசலில் நின்றபோது, எதிர்வீட்டிலிருந்து பெரியம்மா வந்தார். முந்தானையைத் தடவிப் பார்த்தார். கொஞ்ச நேரம் பேசாமல் என் முகத்தையே பார்த்தார். அவர் கேட்கத் தயங்குகிறார் என்று புரிந்தது.

"இருநூத்தி பத்து பெரியம்மா" என்றேன், அவர் கேட்கும் முன்பே.

"கூடதான்" என்று சிரித்தார். பிறகு, "ஆனா குடுக்கலாம்" என்று சொல்லிவிட்டு, பலகாரத் தட்டை என் கையில் வைத்தார்.